றொய்சனின் படத்துக்கு எங்கள் ஆதரவு

வோபர்ன், ஸ்காபரோ
நவம்பர் 24, ஞாயிறு

அன்புள்ள மகள் ஸ்டெபனிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகம், அப்பாவின் பிரஷர் மட்டும் அவரைப் போலவே சொல் கேட்பதில்லை. அங்கே உன் தொண்டை நோவு மாறி நீயும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இன்று காலை நீ போனில் கேட்டாய், றொய்சனின் குரல் சரியில்லை, நேற்று அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு என்னதான் சொன்னீர்கள் என்று. ஒன்றுமில்லை, இறால் குழம்பு கொஞ்சம் உறைத்துவிட்டது என்றேன். அது பொய். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. போனில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்வார், நீ பாதியில் புகுந்து அம்மா உங்களுக்கு உது விளங்காது என்பாய். கடிதத்தில் பாதியில் புக முடியாது. ஆகவே எழுதுகிறேன். வடக்கே உன் வைற்ஹோர்ஸுக்குக் கடிதம் போய்ச் சேர ஒரு கிழமை என்று முந்தித் தபால் கந்தோரில் சொன்னார்கள், அது போதும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதன் பலன் இன்றைக்குத்தான் எனக்குக் கிடைக்கப் போகிறது. மெதுவாக வாசி. தம்பி மாக்கஸிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்ல அவன் அங்கே இல்லை.

முதலில் விஷயம். ஓகஸ்டில் உங்கள் கலியாணம், கோயிலில் திகதி எடுத்தாயிற்று, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, றொய்சன் நல்ல பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக், யூனியன் வேலை, உள்ளே நுழைவதற்கே வருஷக்கணக்கில் காத்திருந்தவன். அந்த வேலையை இந்த வருஷ முடிவோடு விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், தான் எடுத்த படத்தின் இரண்டாம் பாகத்தை எடுக்கப்போகிறானாம். உனக்கு நேரில் சொல்ல வைத்திருந்தான், நான் முந்திக்கொள்கிறேன், அதற்காக நீ என்னைக் கோபிக்கலாம். விட்டால் திரும்பப் போக முடியாத வேலை என்று அவனே சொன்னான். பிறகு ஏன் விடுகிறாய் என்று கேட்டேன். முதலாம் பாகம் சனத்துக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்றான். அந்த இடத்தில்தான் நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன். ஏனென்றால் அந்தப் படம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, ஸ்டெபி. ஒருவருக்கும். எங்கள் வீட்டு ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படம் போட்டது இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிறு காலை. இங்கிலிஷ் படம் பார்க்க ஆள் வராத நேரத்தில்தான் தியேட்டர்காரர் எங்கள் படங்களுக்கு இடம் கொடுப்பார்கள். அதற்காக முதல்நாள் பின்னேரமே பூசை கண்டுவிட்டோம். டிக்கெட் வீடு தேடி வந்திருந்தது, அதை மறுக்க முடியாது, கொண்டுவந்தவர்கள் உன் முதல்நன்மை விருந்துக்கு வந்தவர்கள், நாளைக்கு உன் கலியாணத்துக்கும் வர இருப்பவர்கள். அப்பா நீல நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டார். படம் பார்க்கக் கோட்டு எதற்கு என்று மாக்கஸ் கேட்டான். மேடைக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்றார் அப்பா. கூப்பிட்டார்கள். பத்தரை என்று போட்டிருந்த படம், விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, ஏழெட்டுப் பேர் வாழ்த்தி, அப்பா நாலு வசனம் என்று தொடங்கி நாற்பது வசனம் பேசி முடிக்கப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. எல்லாரும் படத்தை வாழ்த்தினார்கள். ஒருவரும் அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் வாழ்த்துவதற்குச் சரியான நேரம்.

படத்தின் பெயர் "பதினேழாவது எதிரி". அந்தப் பதினேழாவது ஆள் யார் என்பது படம் முடிந்தும் தெரியவில்லை. முன்னால் செத்த பதினாறு பேரையும் எண்ணிப் பார்ப்போம் என்றால் அதே நாலு பொடியன்கள் தொப்பியை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்பச் சாகிறார்கள். அதில் ஒருவன் நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கு வருகிறவன். கார் பார்க்கில் சுடப்பட்டான், பிறகு வாழைக்குலை அடுக்கிய கடையில் சுடப்பட்டான், கடைசியில் பிளஃப்ஸ் மலையில் இருந்து விழுந்தான். வாற செவ்வாய் அவனுக்கு றூட் கனால். கதை என்று பார்த்தால், போதைப்பொருள் விற்கும் கூட்டத்துக்குள் கதாநாயகன் இரகசியப் பொலிஸாக நுழைகிறான், கூட்டத் தலைவனைப் பிடிக்கிறான். அவ்வளவும் ஒரு பஸ் பயணத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். ஆனால் எல்லாரும் மெதுவாக நடக்கிறார்கள். கதவைத் திறக்க மெதுவாக, காரிலிருந்து இறங்க மெதுவாக, கண்ணாடியைக் கழற்ற மெதுவாக. அடுத்து என்ன செய்வது என்று தெரியாத இடமெல்லாம் மேலே டிரோன் ஒன்று பறந்து நெடுஞ்சாலை 401ஐக் காட்டுகிறது. தினமும் இரண்டு வேளை அந்த வீதியில் நின்று சாகிறோம், ஞாயிற்றுக்கிழமையும் அதையே மேலே இருந்து பார்க்க வேண்டியிருந்தது. கூட்டத் தலைவன் எல்லாக் காட்சியிலும் மாதுளம்பழம் உரிக்கிறான், ஒரு முத்தையும் வாயில் போடவில்லை. எனக்கு அந்தப் பழங்களை யார் சாப்பிடுகிறார்கள் என்பதே கடைசிவரை யோசனை. இடையில் ஒரு பாட்டு. உறைந்த ஏரிக்கரையில் மெல்லிய சீலையோடு அந்தப் பெட்டை அட்சயா ஆடினாள், அவ்வளவு படித்த நடனக்காரி, மூக்குச் சிவந்திருந்தது. காதலா சளியா என்று பிரிக்க முடியவில்லை.

இதிலே எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதுதான் விஷயம். வந்திருக்க வேண்டும். நடித்தவர்கள் மோசமானவர்கள் என்றால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். மாதுளம்பழம் உரித்தது குலசிங்கம் அண்ணை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய நாடகத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு கதிரை, ஒரு மனிதர், ஒன்றரை மணித்தியாலம், நீ என் கையை விடவில்லை. அவருக்கு இதில் கொடுத்த வேலை பழத்தைப் பார்த்துச் சிரிப்பது. கதாநாயகனின் தாயாக யோகமலர் அக்கா. அவ ரேடியோ நாடகத்தில் பேசத் தொடங்கினால் இந்த ஊரில் அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்ட சனம் இருக்கிறது, நானும் அதில் ஒருத்தி. நாங்கள் எல்லாரும் அந்தக் குரலுக்காகவே உட்கார்ந்திருந்தோம். திரையில் அவ வாயைத் திறந்தா. உள்ளேயிருந்து வேறு யாரோ பேசினார்கள். மெல்லிய, பழக்கமில்லாத, சென்னைச் சினிமாத் தமிழ் பேசும் ஒரு இளம் பெண்ணின் குரல். எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான். குலசிங்கம் அண்ணையின் வாயில் யாரோ ஒரு தடித்த குரல்காரர் "என்னடா பண்ற" என்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து பார்க்டேலில் வளர்ந்து மார்க்கம் ரோட்டில் சண்டை பிடிக்கும் பொடியன்கள் "வாடா மச்சி, தூக்கிடலாம்" என்கிறார்கள். இந்தியாவில் விற்க வேண்டும் என்று எல்லாக் குரலையும் அங்கே கொண்டுபோய் மாற்றிவிட்டார்கள். இவ்வளவு பேரைத் தேடிப் பிடித்துச் சேர்த்து, அவர்களிடம் இருந்த ஒரே சாமானை வாசலில் வாங்கி வைத்துவிட்டு உள்ளே விட்ட மாதிரி.

ஒரு இடத்தைத் தவிர. அதை நான் சொல்ல வேண்டும். மகன் சூடுபட்டுவிட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தாய்க்குப் போன் வருகிறது. யோகமலர் அக்கா குசினியில் நிற்கிறா, ஒரு கையில் ஈரம். போனைக் காதில் வைத்து "ஓம்" என்கிறா. கொஞ்சம் கேட்கிறா. "ஓம்" என்கிறா. பிறகு இன்னுமொரு ஓம், அதில் சத்தமே இல்லை, காற்று மட்டும். அது அவவின் சொந்தக் குரல். எனக்குப் பின்னால் சிப்ஸ் பையை நோண்டிக்கொண்டிருந்த கை நின்றது. மாக்கஸ் போனைக் கவிழ்த்து வைத்தான். முழுத் தியேட்டரும் ஒரு வீட்டுக் குசினியில் நின்றது. பிறகு டிரோன் வந்துவிட்டது, 401. மகனும் சாகவில்லை, பதினைந்து நிமிஷத்தில் எழும்பி வந்து ஆட்களை அடித்தான், அது வேறு. நான் மற்ற நேரமெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த மூன்று ஓமுக்கு மட்டும் பார்க்கவில்லை.

முடிந்ததும் வெளிவாசலில் கமராவோடு நின்றார்கள், உனக்கு அந்த வழக்கம் தெரியும். மைக்கை வாய்க்குள் வைத்துப் படம் எப்படி என்று கேட்பார்கள். நான் வாஷ்றூமுக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே யோகமலர் அக்கா கை கழுவிக்கொண்டு நின்றா, தோளில் போர்த்த பொன்னாடை நனையாமல் தூக்கிப் பிடித்தபடி. என்னைக் கண்ணாடியில் பார்த்து, "என்ர குரலைக் கழட்டி எங்கயோ வைச்சிட்டினம் பிள்ளை, கண்டா எடுத்து வையும்" என்றா. சிரித்தோம். கோபமில்லையா அக்கா என்று கேட்டேன். "அதுகள் பாவங்கள், குளிருக்க நிண்டு எடுத்ததுகள்" என்றா. பிறகு வெளியே போய் அதே மைக்கில், எங்கட பிள்ளைகளின் படைப்பு, எல்லாரும் ஆதரவு கொடுக்க வேண்டும் என்று அந்த அழகான குரலில் சொன்னா. அவவுக்குப் பின்னால் நின்ற எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எங்கட பிள்ளைகள். எங்கட படைப்பு. ஆதரவு. படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, கவனித்துப் பார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவ்வளவு கவனமாகச் சொன்னார்கள்.

அப்பாவைத் தவிர. உன் அப்பாவுக்கு மைக் என்றால் என்னவென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, முப்பது வருஷமாக இந்தக் கோயில் பங்கில் நன்றியுரை என்றால் அகஸ்ரின் என்றிருக்கிறது. அவர் இடைவேளைக்கு முன்னமே நித்திரை. குறட்டைக்கு நான் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன், துப்பாக்கிச் சத்தம் உதவி செய்தது. அந்த மனிதர் வெளியே வந்து கமராவைக் கண்டதும் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "இது உலகத்தரமான படைப்பு. நான் ஒரு நிமிஷமும் கண் இமைக்கேல்லை" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த புதன்கிழமை தமிழ்க் கடை ஜன்னலில் போஸ்டர். துப்பாக்கியோடு பிரியந்தன், அதுதான் அந்தக் கதாநாயகன், அவனுடைய கால்களுக்கிடையில் எழுத்து: "ஒரு நிமிஷமும் கண் இமைக்கவில்லை. அகஸ்ரின், சமூகப் பிரமுகர்." மாக்கஸ் அதைப் படம் எடுத்துத் தன் போனில் வோல்பேப்பராக வைத்திருக்கிறான். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. சமூகப் பிரமுகர் என்று போட்டுவிட்டார்களே என்று நாலு நாளாக அடக்கமாக நடந்துகொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். நாங்கள் வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு கோயில் நிலவறையில் நாடகம் போட்டார்கள், மைக் வேலை செய்யவில்லை, அரசன் வசனம் மறந்து போனான், நாங்கள் கை நோகத் தட்டினோம். அப்போது அது பொய் இல்லை. வேறு யாரும் எங்களுக்குத் தட்டப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், நடித்தவனுக்கும் தெரியும். வசனம் மறந்த அரசன் நான்தான் என்று அவனே வெளியே வந்து சொல்லிச் சிரித்தான். இப்போது கை அதேமாதிரித் தட்டுகிறது, ஆனால் எதிரில் நிற்கிற பிள்ளை அதை மார்க் என்று நினைக்கிறது. கனடாவில் படித்த பிள்ளை, ஆசிரியர் நல்லது என்றால் நல்லது என்று நம்பி வளர்ந்தது. றொய்சன் அந்தக் கமராப் பதிவுகள் முழுவதையும் வீட்டில் இருந்து திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். அவனுக்கு அது ஆதரவு இல்லை. தீர்ப்பு.

அதற்குப் பிறகுதான் நேற்று. படத்தின் வெற்றிக்கு ஒரு சாப்பாடு என்று கூப்பிட்டது அப்பா, சமைத்தது நான். வந்து இருந்து, பாதிச் சாப்பாட்டில், வேலையை விடும் கதையைச் சொன்னான். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். பிறகு என்னைப் பார்த்து, "அன்ரி, எல்லாற்ற கருத்தும் வந்திட்டுது, உங்கட மட்டும் இல்லை. நீங்கள் கமராவுக்கு ஒளிச்சிட்டீங்கள்" என்று பகிடியாகக் கேட்டான். எங்கள் கிளினிக்கில் டொக்டர் ஊசி போட முதல், கொஞ்சம் அழுத்தம் தெரியும் என்பார். வலி என்று சொல்ல மாட்டார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த ஆஸ்பத்திரிப் போன் காட்சி, யோகமலர் அக்காவின் ஓம், அது எனக்கு நெஞ்சில் நிற்கிறது என்றேன். மெய்தானே. அவன் தலையில் கைவைத்தான். "ஐயோ அன்ரி, அது டப்பிங்கில விடுபட்டுப்போன இடம். நீங்களும் கவனிச்சிட்டீங்களே. கவலைப்படாதேங்கோ, அடுத்த வெர்ஷன்ல அதை 'ஆமா' எண்டு மாத்திப்போடுவன்."

அதற்குப் பிறகு அழுத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. "தம்பி, அந்தப் படத்தில எனக்குப் பிடிச்சது அது ஒண்டுதான்" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "அங்கிள், நீங்கள் கண் இமைக்கேல்லை எண்டனீங்கள்" என்றான். அப்படி ஒரு முகத்தோடு யாரும் உன் அப்பாவைப் பார்த்து நான் கண்டதில்லை, அவருடைய நன்றியுரையை நம்பிய ஒரே மனிதன் இவன்தான். அப்பா தண்ணீர் குடித்தார். மாக்கஸ் கோழிக்காலைப் பார்த்தான். அப்பா மெல்ல, "கண்ணை மூடியிருந்தா இமைக்கேலாதுதானே தம்பி" என்றார். நான் அவரைக் கலியாணம் கட்டி முப்பத்தொரு வருஷத்தில் கேட்ட மிகச் சிறிய உரை அதுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. றொய்சன் கேட்டான், "எந்த இடத்தில இருந்து அங்கிள்?" "அந்தக் கார் பார்க் சண்டை." "முதலாவதோ ரெண்டாவதோ?" அப்பா என்னைப் பார்த்தார். "முதலாவது" என்றார். றொய்சன் தலையாட்டினான். லிஃப்ட் எந்த மாடியில் நின்றது என்று கேட்டுக் குறிக்கிறவன் மாதிரி. எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது அந்தக் கேள்வியில்தான், அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு அவன் சண்டை பிடித்தான், நல்லாகத்தான் பிடித்தான். "எங்கட தமிழில எடுத்தா ஆர் அன்ரி பாப்பினம்? இஞ்ச கொஞ்சப் பேர். அங்க கோடிக்கணக்கில சனம்" என்றான். அதில் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோடிக்கணக்கில் யாராவது இதுவரை பார்த்தார்களா என்று கேட்டேன். இன்னும் வாங்கவில்லை என்றான். இங்கே இருக்கிற கொஞ்சப் பேரும் அன்றைக்குத் தியேட்டரில் இருந்தார்கள், அவர்களுக்கு யார் படம் எடுத்தது என்று கேட்டேன். வேலையை விடாதே என்று நான் சொல்லவில்லை, ஸ்டெபி, அதை நீ நம்பவேண்டும். படம் எடுக்காதே என்றும் சொல்லவில்லை. அந்தக் கைதட்டலை நம்பி விடாதே என்றேன். நூறு பேர் சொன்னது பிழை, நீங்கள் ஒரு ஆள் சொல்வது சரியா என்று கேட்டான். நூறு பேரும் என்ன சொன்னார்கள் என்று போய்த் திரும்பக் கேட்டுப் பார், அதில் ஒருவராவது படத்தைப் பற்றிச் சொன்னார்களா என்று பார் என்றேன். அப்பா "நான் சொன்னனான்" என்றார். மாக்கஸ் அவரை மேசைக்குக் கீழே உதைத்தான்.

இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம் சாப்பிடாமல் எழும்பினான். நான் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டும்போது, நிமிராமலே, "ஸ்டெபி முழுப்படமும் பாத்தவ அன்ரி, நான் லிங்க் அனுப்பினனான். சுப்பர் எண்டவ" என்றான். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நீ போன கிழமை என்னிடம் என்ன சொன்னாய்? நைட் ஷிப்ட் முடிந்து வந்து கார் எரிகிற இடம் வரைக்கும் பார்த்தேன், பிறகு நித்திரையாகிவிட்டேன், உள்ளதைச் சொன்னால் பாவம் நொந்துபோவார் என்றாய். கார் எரிவது தொடக்கத்தில் பெயர் எழுத்து ஓடி முடிந்த கையோடு. நான் வாயை மூடிக்கொண்டேன். அது நீ தீர்க்க வேண்டிய கடன், நான் வாய் திறக்கக் கூடாது. அவன் நிமிர்ந்து, "வாற மாதம் பன்னிரண்டாம் திகதி அவட்டப் போறன். இன்னொருக்கா அவவோட இருந்து பாத்திட்டு, அவ சொல்லுறதை வைச்சு வேலையை என்ன செய்யிறதெண்டு முடிவெடுக்கிறன்" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு போனான். காரை உடனே எடுக்கவில்லை. நான் மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். டப்பாவைத் திறந்து கரண்டி இல்லாமல் சாப்பிட்டான்.

இரவு அப்பா படுக்கையில் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இஞ்சேரும், என்ர நன்றியுரையள் எப்பிடி?" என்று கேட்டார். ஒவ்வொரு விழா முடிந்து காரில் ஏறியதும் அவர் இதைக் கேட்பார், நானும் நல்லா இருந்தது என்பேன், கார் வெளிக்கிடும். நேற்று, நீளம் என்றேன். எவ்வளவு நீளம் என்றார். பாதி போதும் என்றேன். ஏன் முந்திச் சொல்லவில்லை என்றார். ஒரு மனிதரோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டு அவரிடம் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லவில்லை, அவர் நொந்துபோவார் என்று. அவர் நோகவில்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்து, பாதி என்றால் எந்தப் பாதி என்று கேட்டார். நான் இன்றைக்குப் பூசையிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே இப்படி, மகள். அவனை நான் நோகடித்தேன், நீ அதை நேரே என்னிடம் கேட்டாய், பதில் ஓம். அவன் வருவான். உன்னைச் சோபாவில் இருத்தி லப்டொப்பைத் திறப்பான். படம் ஓடும்போது அவன் திரையைப் பார்க்கப் போவதில்லை, அதை அவன் நூறு முறை பார்த்துவிட்டான். உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். சுப்பர் என்று நீ சொன்னால் அவன் உன்னை நம்புவான், நம்பி வேலையை விடுவான், பிறகு ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு குழம்புக்கும், ஒவ்வொரு முடிவுக்கும் நீ சுப்பர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு நடிப்பு வேண்டும், உனக்கு அது வராது. பிடித்திருந்தால் பிடித்தது என்று சொல், எனக்குச் சந்தோஷம், எனக்குப் பிடிக்காதது உனக்குப் பிடிக்கலாம். அவன் சென்னைக்குப் போனாலும் சரி, லிஃப்டோடு இருந்தாலும் சரி, ஓகஸ்டில் நான் சீலை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் நிற்பேன். ஆனால் நித்திரை கொள்ளாமல் கடைசிவரை பார். அப்போது உன் முகம் என்ன செய்கிறதோ, அதையே வாயாலும் சொல்.

ஆண்டவரும் மாதாவும் உன் பக்கத்தில் இருக்கட்டும், தூரத்தில் இருந்தாலும் என் ஆசீர்வாதம் உன் தலைமேல். விற்றமின் டி ஒழுங்காகப் போடு, மற்றவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் தனக்கு மறப்பாள். இரவில் கார் எஞ்சின் உறையாமல் ஹீற்றர் வயரைக் குத்த மறக்காதே. அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார், இந்தமுறை ஒரே வசனம்: சுகமாயிரு பிள்ளை.

அன்புள்ள அம்மா,
அருள்நாயகி அகஸ்ரின்